எடை போட்ட பிறகு விலை கேளுங்கள்

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். அசெம்பிளியில் மோட்டார்கள் மூடி போடாமல் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் ஆட்களும் வேலையில்லாமல் நிற்கிறார்கள். வேண்டியது 6205 பேரிங். கம்ப்யூட்டரில் 40 இருப்பு காட்டுகிறது. ரேக்கில் 6204 இருக்கிறது, 6305 இருக்கிறது, 6205 மட்டும் இல்லை. எங்கள் ஸ்டோர் கீப்பர் அண்ணன் ஏணியைப் போட்டு மேல் தட்டு வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். கடைசியில் பையனை வண்டியில் அனுப்பி, கடையில் 20 பேரிங் வாங்கி வரச் சொன்னோம். அவன் வந்து சேர்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, வருஷக் கணக்கெடுப்பில் அந்த 40 பேரிங்கும் கிடைத்தன. மேல் தட்டில், ஆயில் சீல் பெட்டிகளுக்குப் பின்னால், வந்த அட்டைப்பெட்டியிலேயே பிரிக்காமல் இருந்தன. சரக்கு இறங்கிய அன்று கீழே இடமில்லையென்று யாரோ மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

கோவையில் பம்ப்செட் மோட்டார் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் ஸ்டோர் என் பொறுப்பில் இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பு முடிந்த வாரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு ஷெட் போடறதுக்கு இடமில்லைங்க. மேல போறதுக்கு வழியிருந்தா பாருங்க" என்றார். அதிலிருந்து ஆட்டோமேட்டிக் செங்குத்துச் சேமிப்பு இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுவும் வரை ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. இதே யோசனையில் இருக்கும் நண்பர்கள் இப்போது அடிக்கடி போன் செய்து முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி இயந்திரம் நல்லது?" என்பதுதான். எனக்கும் ஆரம்பத்தில் அந்தக் கேள்விதான் இருந்தது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ராட்டினமும் லிஃப்டும்

முதலில் வகைகளைப் புரிந்துகொள்வோம். திருவிழா மைதானத்தை நினைத்துக்கொண்டால் சுலபம்.

மேலும் கீழுமாகச் சுற்றும் பெரிய ராட்டினம் தெரியும் அல்லவா? வெர்டிகல் கரோசல் அதே தத்துவம்தான். சங்கிலியில் தட்டுகள் தொங்குகின்றன. ஒரு தட்டு வேண்டுமென்றால் மொத்த வரிசையும் நகர்ந்து, எந்தப் பக்கம் தூரம் குறைவோ அந்தப் பக்கமாகச் சுற்றி, தட்டை உங்கள் இடுப்புயரத்துக்குக் கொண்டு வரும். அமைப்பு எளிமை, உயரம் குறைந்த கூரைக்கும் பொருந்தும். ஆனால் எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே இடைவெளி. ராட்டினத்தில் ஒரு பக்கம் மட்டும் கனமான ஆட்களை ஏற்றினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். பாரத்தை இரு பக்கமும் சமமாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒரே அளவிலான சின்னப் பொருள்கள், கோப்புகள், மருந்துப் பெட்டிகள் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு.

குடை ராட்டினம் போலப் படுக்கை வாட்டத்தில் சுற்றுவது ஹரிசாண்டல் கரோசல். அதற்கு நீளமான இடம் வேண்டும். இடமே இல்லாத எங்களுக்கு அது ஆகாது.

மூன்றாவது, வெர்டிகல் லிஃப்ட் மாடியூல். பெயரிலேயே லிஃப்ட் இருக்கிறது. முன்னால் ஒரு ட்ரே அடுக்கு, பின்னால் ஒரு ட்ரே அடுக்கு, நடுவில் ஒரு லிஃப்ட். கேட்ட ட்ரேயை மட்டும் லிஃப்ட் இழுத்து எடுத்து, கீழே வாசலில் வைக்கும். மற்ற ட்ரேக்கள் அசையாது. திரும்ப உள்ளே அனுப்பும்போது ஒளிக்கற்றை சென்சார் ட்ரேயில் இருக்கும் பொருளின் உயரத்தை அளந்து, அதற்குப் போதுமான இடைவெளியில் கொண்டுபோய் வைக்கும். பல இயந்திரங்களில் இந்த இடைவெளி 25 மில்லிமீட்டர் படிகளில் மாறும். நேற்று ஒரு ட்ரே இருந்த இடத்திலேயே இன்றும் இருக்க வேண்டுமென்பதில்லை. உயரத்துக்கேற்ற இடத்தை இயந்திரமே முடிவு செய்து நினைவில் வைத்துக்கொள்கிறது.

சுவிட்சர்லாந்தின் கார்டெக்ஸ், ஜெர்மனியின் ஹேனல், இத்தாலியின் மோடுலா எனப் பல பெயர்கள் இந்தத் துறையில் உண்டு. எங்கள் ஊரின் கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷனும் இந்த வகை இயந்திரம் செய்கிறது. கார்டெக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "இது பழைய ஸ்டாக் கார்டு பேரு தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. 1915-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்ட் அட்டைப் பதிவேடுகளுக்காக ஆரம்பித்த நிறுவனத்தின் பெயர் அது. பொருளைப் பற்றிய குறிப்பை வைத்திருந்த பெயர் இன்று பொருளையே வைத்திருக்கிறது.

மூன்று வாரம், ஒரு தராசு, ஒரு டேப்

கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் ஒரு தராசும் அளவு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஸ்டோரில் உட்கார்ந்தோம். மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விஷயம் எழுதினோம்: டப்பாவோடு அதன் நீளம், அகலம், உயரம்; எடை; அதிகபட்சம் எவ்வளவு இருப்பு வைப்போம்; மாதத்தில் எத்தனை தடவை கேட்கிறார்கள்.

கடைசிக் கேள்வியில் பலரும் தடுமாறுகிறார்கள். எத்தனை எண்ணம் என்பது வேறு, எத்தனை தடவை என்பது வேறு. வாஷர் மாதத்துக்கு 5,000 போகும். ஆனால் நான்கே தடவையாகப் போகும். ஒரு ஆயில் சீல் மாதம் 60 தான் போகும். ஆனால் 45 தடவை கேட்பார்கள். இயந்திரத்தின் வேலை தடவையில் இருக்கிறது, எண்ணிக்கையில் இல்லை. கம்ப்யூட்டரில் எண்ணிக்கை அறிக்கையை மட்டும் எடுத்துக் கொடுத்தால் தவறான இயந்திரம்தான் வரும்.

அளக்க அளக்க ஸ்டோரின் உண்மை நிலை தெரிந்தது. எங்கள் பதிவில் 4,200 ஐட்டம் இருந்தன. ஒரே பேரிங் மூன்று பெயரில் மூன்று கோடில் இருந்தது. ஒன்றில் 6205 இசட்இசட், இன்னொன்றில் 6205-2இசட், மூன்றாவதில் வெறும் 6205. நான் இவற்றைத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து இரண்டு பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதத் தொட்டுப் பாருங்க தம்பி. ரெண்டுலயும் தகட்டு மூடி. கம்பெனி வேற, எழுதற விதம் வேற, சாமான் ஒண்ணுதான். இந்தா, இது 2ஆர்எஸ். ரப்பர் மூடி. இதக் கொண்டுபோய் அதோட சேத்துராதீங்க."

விரலால் தடவினால் குளிர்ந்த தகடு ஒன்றில், மெத்தென்ற கறுப்பு ரப்பர் இன்னொன்றில். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். 05 என்றால் 25 மில்லிமீட்டர். அதனால்தான் 6205, 6305 இரண்டும் ஒரே ஷாஃப்டில் ஏறும்; ஆனால் வெளிவிட்டம் ஒன்றுக்கு 52, மற்றதுக்கு 62. அவசரத்தில் மாற்றி எடுப்பது இப்படித்தான். இந்த அறிவு எங்கள் மென்பொருளில் இல்லை, 26 வருஷம் ஸ்டோரில் நின்ற ஒருவரின் விரலில் இருந்தது.

ஒரே பொருளுக்கு இருந்த பல கோடுகளைச் சேர்த்து, இரண்டு வருஷமாக யாரும் கேட்காதவற்றைப் பிரித்து ஒதுக்கியதும் பட்டியல் 2,900-க்கு வந்தது. அதாவது இயந்திரம் வருவதற்கு முன்பே பட்டியலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செத்த சரக்கை விலையுயர்ந்த ட்ரேயில் படுக்க வைப்பது போன்ற வீண் செலவு வேறில்லை.

எது உள்ளே, எது வெளியே

எல்லாவற்றையும் இயந்திரத்துக்குள் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டாம்பிங் கட்டு, வார்ப்பு பாடி, பெரிய கம்பிச் சுருள் எல்லாம் பேலட் ரேக்கில்தான் இருக்க வேண்டும். வார்னிஷும் தின்னரும் தீப்பிடிக்கும் சரக்கு. அவற்றுக்குத் தனி அறை வேண்டும், இந்தப் பெட்டிக்குள் அவற்றுக்கு இடமே கிடையாது. நீள ஷாஃப்டுகள் ட்ரே அளவைத் தாண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மிக வேகமாகப் போகும் போல்ட், நட், வாஷர்களும் இயந்திரத்துக்குள் போகத் தேவையில்லை. அவை அசெம்பிளி மேஜைக்குப் பக்கத்திலேயே இரண்டு டப்பாவில் இருக்கட்டும். ஒன்று காலியானதும் அதை நிரப்பக் கொடுத்துவிட்டு அடுத்ததில் எடுப்பார்கள். ஒரு கைப்பிடி வாஷருக்காக லிஃப்ட் மேலும் கீழும் ஓடுவது யாருக்கும் லாபமில்லை. நடுவில் இருப்பவைதான் இயந்திரத்துக்கு உரியவை: சிறியவை, வகை அதிகமானவை, விலை உள்ளவை, அடிக்கடி தேடப்படுபவை. பேரிங், ஆயில் சீல், மெக்கானிக்கல் சீல், கெபாசிட்டர், சின்ன இம்பெல்லர் எல்லாம் அந்தக் கணக்கு.

இனி உயரம். ஒரு ட்ரேயில் இருப்பதிலேயே உயரமான பொருள்தான் அந்த ட்ரேயின் இடத்தை முடிவு செய்யும். பத்து சென்டிமீட்டர் டப்பாக்கள் நிறைந்த ட்ரேயில் முப்பது சென்டிமீட்டர் இம்பெல்லர் ஒன்றை வைத்தால், மீதி ட்ரே முழுவதும் இருபது சென்டிமீட்டர் காற்றைச் சேமித்து வைக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆகவே உயரம் பார்த்துப் பிரித்து வைப்பதுதான் இந்த இயந்திரத்தில் இடம் மிச்சமாகும் ரகசியம்.

இடக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 8 அடி நீளம், இரண்டரை அடி அகலம் கொண்ட ட்ரே 20 சதுர அடி. 50 ட்ரே என்றால் 1,000 சதுர அடித் தட்டுப்பரப்பு. இயந்திரம் தரையில் பிடிப்பது ஏறக்குறைய 10 அடிக்கு 10 அடி, அதாவது 100 சதுர அடி. ஒரு விற்பனைப் பிரதிநிதி, "90 சதவீதம் இடம் மிச்சம்" என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் வாசலுக்கு முன்னால் ஆள் நிற்க, தள்ளுவண்டி திரும்ப, பக்கவாட்டில் பழுது பார்க்க இடம் வேண்டும். வெளியே நிற்கும் பேலட் ரேக்கையும் கூட்ட வேண்டும். எங்கள் 1,400 சதுர அடி ஸ்டோர் எல்லாம் சேர்த்து 650-ல் நின்றது. பாதிக்குமேல் மிச்சம், அது போதும். ஆனால் 90-ஐ நம்பித் திட்டம் போட்டிருந்தால் கஷ்டப்பட்டிருப்போம்.

வேகம் எங்கே இருக்கிறது

"ஒரு ட்ரே எத்தனை நொடியில் வரும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ட்ரே போய் வர 45 நொடி, ஒரு பொருளை எடுத்து எண்ணிப் பதிய 15 நொடி என்று வைத்துக்கொள்வோம். ட்ரேக்கு ஒரு பொருள்தான் எடுக்கிறீர்கள் என்றால் மொத்தம் 60 நொடி. மணிக்கு 60 பொருள். அசெம்பிளி அனுப்பும் இண்டென்டில் கேட்ட மூன்று பொருள்கள் அதே ட்ரேயில் இருந்தால் 45 கூட்டல் 45, தொண்ணூறு நொடிக்கு மூன்று பொருள். மணிக்கு 120. இயந்திரம் அதே வேகத்தில்தான் ஓடியது. சேர்த்து வைத்த விதத்தால் வேலை இரட்டிப்பானது.

இப்போது வாசலில் இரண்டு ட்ரேக்கு இடமிருக்கும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து காத்திருக்கும். 45 நொடிக்கு ஒரு ட்ரே, ட்ரேக்கு மூன்று பொருள் என்றால் மணிக்கு 240. ஆனால் ட்ரேக்கு ஒரு பொருள்தான் என்றால் அந்த வசதியிலும் 80-க்கு மேல் போகாது. காசு கொடுத்து வாங்கும் வேகத்தைவிட, யோசித்து அடுக்குவதால் வரும் வேகம் பெரியது. அதற்கு எந்தப் பொருளோடு எந்தப் பொருள் போகும் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

தரை, கூரை, கரண்ட்

50 ட்ரே, ட்ரேக்கு 200 கிலோ என்றாலே சரக்கு மட்டும் 10 டன். இயந்திரத்தின் சொந்த எடையும் அதனோடு சேரும். சரக்கு ஏற்றிய ஒரு லாரியை 100 சதுர அடிக்குள் நிரந்தரமாக நிறுத்தி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரமும் பரவலாக இறங்காது, கால்கள் வழியாகப் புள்ளிகளில் இறங்கும். பழைய ஷெட்டின் தரை எத்தனை அங்குலம், கீழே கம்பி இருக்கிறதா என்று யாருக்கும் நினைவிருக்காது. எங்களுக்கும் இல்லை. கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, தரையைத் துளையிட்டுப் பார்த்தோம். போதவில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டோம். இந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் வராது. முன்பே பார்த்தால் வெறும் செலவு. இயந்திரம் வந்து இறங்கிய பிறகு பார்த்தால் பெரிய நஷ்டம்.

கூரை உயரத்தை விட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். விளக்கு, குழாய், தீயணைப்புத் தெளிப்பான் இருந்தால் அவற்றின் கீழிருந்து. எங்களுக்கு 28 அடி இருந்தது. உங்களிடம் 14, 15 அடிதான் என்றால் லிஃப்ட் வகையின் பலன் குறையும். ராட்டின வகையையும், நல்ல ரேக் போட்டு நடுவில் ஒரு தளம் எழுப்புவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா ஸ்டோருக்கும் இயந்திரம்தான் விடை என்று நான் சொல்ல மாட்டேன்.

கரண்டைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2012-13 மின்வெட்டில் பட்ட பாடு இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. ட்ரே பாதி வழியில் இருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும், ஜெனரேட்டர் எடுக்கும்வரை கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரை யூபிஎஸ் தாங்குமா, கையால் இயக்கி ட்ரேயை இறக்க வழி உண்டா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டச் சொல்லுங்கள்.

கொட்டேஷன் மேஜையில்

பட்டியல் கையில் இருந்ததால் எங்கள் பேச்சு வேறு மாதிரி நடந்தது. "இதோ இயந்திரத்துக்குள் போக வேண்டிய எங்கள் 2,300 பொருள், இவற்றின் உயரம், எடை, தடவை. உங்கள் இயந்திரத்தில் எத்தனை ட்ரேயில் அடங்கும் என்று அடுக்கிக் காட்டுங்கள்" என்றோம். ஒரே பட்டியலுக்கு வந்த விடைகள் ஒன்றுக்கொன்று நிறையவே மாறின. பொதுவான விலைப்பட்டியல் கேட்டிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

வேறு சில கேள்விகளும் பயன்பட்டன. கூடுதல் ட்ரேயும் உள்தடுப்புகளும் விலையில் அடக்கமா? மென்பொருளுக்கு வருஷா வருஷம் கட்டணம் உண்டா? நம் கணக்கு மென்பொருளோடு இணைப்பது யார் பொறுப்பு? சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை மணி நேரத்தில் வருவார்? பெல்ட், சென்சார், ட்ரைவ் போன்றவை உள்ளூர் இருப்பில் உண்டா? ஒரு நாள் இயந்திரம் நின்றால் உற்பத்தி நிற்காமல் இருக்க நம்மிடம் என்ன ஏற்பாடு? கடைசிக் கேள்விக்கு விடை நம் கையில்தான் இருக்கிறது. அசெம்பிளி மேஜைப் பக்கத்திலேயே முக்கியமான பொருள்களுக்கு இரண்டு நாள் இருப்பு வைத்திருக்கிறோம்.

ஏற்கெனவே இயந்திரம் ஓடும் தொழிற்சாலைகள் இரண்டைப் போய்ப் பார்த்தோம். எங்கள் பொருள்களையே ஒரு டப்பாவில் எடுத்துப்போய் வைத்து எடுத்துப் பார்த்தோம். அங்கே மேனேஜரிடம் பேசியதைவிட, இயந்திரத்தின் முன்னால் நிற்கும் ஆளோடு டீ குடித்துப் பேசியதில்தான் விஷயம் கிடைத்தது. "சாமான் ட்ரேக்கு மேல துருத்திட்டு இருந்தா வாசல்லயே நின்னுக்குமுங்க. மொத மாசம் அதுதான் ரோதனை" என்றார் ஒருவர். விளம்பரத் தாளில் அந்த வரி இல்லை.

யார் அடுக்குவது

இரண்டு ட்ரே வாசல் வகையைத் தேர்ந்தெடுத்தோம். இயந்திரத்தை நிறுவியதும் அதைச் செய்த கம்பெனியின் பொறியாளர் ஒரு மாதிரி அடுக்குமுறையைக் கொடுத்தார், கோடு வரிசைப்படி. அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்படி வச்சா ஒரு மோட்டாருக்கு ஏழு ட்ரே கூப்பிடணுங்க. அரை எச்பிக்கு எப்பவும் ஒண்ணா போறதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாள் குடுங்க" என்றார்.

ஒரு நாளில் முடியவில்லை, நான்கு நாள் ஆனது. பழைய ஸ்டாக் கார்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். இந்த பேரிங்கோடு இந்த ஆயில் சீல், இந்த கெபாசிட்டர், இந்த ஃபேன். உயரம் ஒத்துப்போகிறதா என்று நான் பக்கத்தில் பார்த்துக்கொண்டேன். ஏழு ட்ரே இரண்டானது. மேலே நான் போட்ட 60, 120 கணக்கெல்லாம் அவர் பென்சிலில் இருந்து வந்ததுதான்.

அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஏணி ஏறி இறங்கும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஒரு நொடி நிற்பார். அந்த ஏணி இப்போது சுவரோரம் சாத்திக் கிடக்கிறது. ட்ரே அவர் இடுப்புயரத்துக்கு வந்து நிற்கிறது. அவர் செய்யும் வேலை குறையவில்லை. எடுத்துக் கொடுத்தவர் இப்போது எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார். அவருக்குக் கீழே வேலை கற்கும் தம்பிக்கு, 2இசட் எது, 2ஆர்எஸ் எது என்று தொட்டுக் காட்டுகிறார்.

ஆகவே போனில் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் கூட்டத்துக்கு விற்பனையாளரைக் கூப்பிடாதீர்கள். ஒரு தராசு, ஒரு டேப், ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் ஸ்டோர் கீப்பருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, "எதோட எது போகுங்க?" என்று கேட்டு எழுத ஆரம்பியுங்கள். எந்த இயந்திரம் வேண்டும் என்பது அந்த நோட்டின் பாதியிலேயே தெரிய ஆரம்பித்துவிடும்.